நாக்குக்கு அடியில்

எங்கள் நபரோஹ் ஊரில் ஒருவரையொருவர் பார்த்தால் நாங்கள் நலம் விசாரிப்பதில்லை. பிரஷர் எண்ணைத்தான் விசாரிப்போம்.

"என்ன ஹாஜி, இன்னிக்கு எவ்வளவு?"

"நூத்தி எழுபது, இறைவன் கிருபையில. ஒனக்கு?"

"நூத்தி தொண்ணூறு."

குறைத்துச் சொன்னவன் அன்று முழுக்க ஓரமாக நடப்பான்.

தொழில் அப்படி. வசந்தத் திருநாள் அன்று எகிப்து முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்கிற ஃபெஸீக் மீன் எங்கள் ஊர்ப் பீப்பாய்களில்தான் ஊறுகிறது. மடவை மீனை வயிறு உப்பும்வரை கிடத்திப் பிறகு உப்பில் புதைப்பது. ஊர்க் காற்றிலேயே உப்பு உண்டு. எங்கள் பூனைகள் மீன் திருட வருமுன் கால்வாயில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வரும். என் பெரியப்பா இறந்து பல வருஷம் கழித்து, பெரியம்மாவை வைப்பதற்காகக் குடும்பக் கல்லறையைத் திறந்தோம். மனிதர் மீசை கலையாமல் அப்படியே இருந்தார். விளிம்பில் கொஞ்சம் உப்பு பூத்திருந்தது, அவ்வளவுதான். பெரியம்மாவை வேறு இடத்தில் அடக்கம் செய்தோம். உயிரோடு இருந்தபோதே அவர்கள் இருவருக்கும் ஆகாது.

ஆகவே எங்கள் ஊர் ஆண்களின் மேல்பையில் சிகரெட்டோடு ஓர் அட்டை பிரஷர் மாத்திரையும் இருக்கும். யாருக்காவது தலை சுற்றினால், மகள் வீட்டைவிட்டுப் போனால், பந்தாட்டத்தில் தோற்றால், நாக்குக்கு அடியில் ஒன்று. விழுங்கக் கூடாது, கரைய விடவேண்டும். சிகரெட் நீட்ட யோசிக்கிற கருமிகூட இதைக் கேட்காமலே நீட்டுவான். ஒரு கல்யாணத்தில் நடுங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு ஆளாளுக்கு ஒன்று கொடுத்ததில் அவன் மேடையிலேயே தூங்கிப்போனான். கண் விழித்தபோது அவனுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது என்பார்கள். அதை மட்டும் நான் நம்பவில்லை. பெண் குழந்தைதான்.

மெத்வல்லி எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடிக்காரன். நான் மூன்றாம் மாடி. கையால் மீன் ஊறவைத்தான், நாக்கால் பிழைத்தான். கடையை மூடி முத்திரை வைக்க வந்த சுகாதார அதிகாரி இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு, தன் தங்கை கல்யாணத்துக்கு அவனை அழைத்துவிட்டுப் போனார். இனாயத்தை அவன் பெண் கேட்டபோது அவள் தகப்பன் கதவைச் சாத்திவிட்டார். மெத்வல்லி பால்கனிக்குக் கீழே நின்று, காலைத் தொழுகையிலிருந்து மாலைத் தொழுகைவரை ஒரு கதை சொன்னான். கிழவர் கடைசியில் இறங்கி வந்தார். பெண் கொடுக்க அல்ல, கதையின் முடிவு கேட்க. முடிவைக் கல்யாணத்தன்று சொல்வதாகச் சொல்லிவிட்டான் இவன்.

அப்பேர்ப்பட்டவன் திருநாளுக்கு முந்தைய வாரம் ஒரு காலையில் எழுந்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. இனாயத் என் கதவைத் தட்டினாள். போய்ப் பார்த்தேன். என் கை தானாக மேல்பைக்குப் போயிற்று.

"வேணாம் மாமா," என்றாள் அவள். "தண்ணி குடுத்தேன், அதுவே புரையேறுது. டாக்டர் பாக்கட்டும் முதல்ல."

மீன் வண்டியிலேயே, காலிப் பீப்பாய்களுக்கு நடுவே கிடத்தி, மன்சூராவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாங்கள் உள்ளே நுழைந்ததும் காத்திருந்த கூட்டம் எங்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. வாடைக்கு அப்படியொரு மரியாதை உண்டு.

நெர்மீன் என்ற பெண் டாக்டர் பார்த்தார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு இனாயத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியுமாம்மா?"

"ராத்திரி நல்லாத்தான் பேசிட்டுப் படுத்தார். எழுந்திரிக்கும்போதே இப்படி."

"அப்ப ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி போட முடியாது. நேரம் தெரியாமப் போட்டா ஆபத்து. ரத்தக் கசிவு இல்ல, அடைப்புதான். அடைபட்ட எடம் போனது போச்சு. அதச் சுத்தி இருக்கற எடம் இன்னும் சாகல. அதத்தான் இப்பக் காப்பாத்தணும்."

"கை போனாப் போகட்டும் டாக்டரம்மா," என்றாள் இனாயத். "பேச்சு இருக்கணும். பேச்சு இல்லன்னா அவர் இல்ல."

"பேச்சு அந்தச் சுத்தியிருக்கற எடத்துலதான் இருக்கு. அதனால நான் சொல்றத நல்லாக் கேட்டுக்குங்க. பிரஷர் ரெண்டாயிரத்துக்குப் போனமாதிரி ஒங்க ஊர்க்காரங்க கத்துவாங்க. போகாது. இருநூறு பக்கத்துல இருக்கு, அப்படியே இருக்கட்டும். இன்னிக்கும் நாளைக்கும் அத எறக்கக் கூடாது."

இனாயத் என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். எங்கள் ஊரில் இப்படிப் பேசினால் கல்லால் அடிப்பார்கள்.

"ஒங்க வீடு எத்தனாவது மாடி?" என்று கேட்டார் டாக்டர்.

"நாலாவது."

"தெருக்குழாய்ல தண்ணி மெதுவா வந்தா என்ன பண்றீங்க?"

"மோட்டார் போடறோம்."

"இப்ப அவர் ஒடம்பு மோட்டார் போட்டிருக்கு. அடைப்பத் தாண்டி மேல் மாடிக்கு ரத்தம் ஏறணும்னு முட்டித் தள்ளுது. அந்தச் சத்தத்தக் கேட்டுப் பயந்து மோட்டார நிறுத்தினா?"

"நாலாம் மாடி காஞ்சு போகும்," என்றாள் இனாயத். வேறு விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை. தலைமேல் சோப்பு நுரையோடு வறண்ட குழாயைப் பார்த்து நின்றவள் அவள்.

"அதேதான். இருநூத்தி இருபதத் தாண்டினா நாங்க ஊசியில மெல்ல எறக்குவோம். அது எங்க வேல. நீங்க வாய்ல ஒண்ணும் குடுக்கக் கூடாது. சோறு, தண்ணி, மாத்திரை, எதுவும்."

மதியத்துக்குள் மெத்வல்லி கொஞ்சம் தெளிந்தான். வாய் இன்னும் கோணல்தான், சொற்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. ஆனால் வந்தன. டாக்டர் வந்து எட்டிப் பார்த்தபோது சொன்னான்:

"டாக்டரம்மா... திருநாளுக்கு... ஒங்களுக்கு ஒரு கிலோ."

"எனக்கு அந்த வாடையே ஆகாது."

"மீனு... கொஞ்சந்தான். மீதி... பேச்சு. பேச்சத் தின்னுங்க."

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். இனாயத் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி முக்காட்டால் துடைத்துக்கொண்டாள்.

பார்வையாளர் நேரம் வந்தது. நபரோஹ் இரண்டு லாரியில் வந்தது. அந்த வார்டில் நினைவில்லாமல் கிடந்த ஒருவர் கண் திறந்து ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அவர் மனைவி எங்களுக்கு நன்றி சொல்லி அழுதாள்.

ஆனால் எளிதில் யாரும் உள்ளே போகவில்லை. வாசலில் இனாயத் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றாள்.

"பையில இருக்கறத எடு."

"என்னம்மா, ஆரஞ்சு வாங்கியாந்திருக்கேன்."

"ஆரஞ்ச நீயே வச்சுக்க. மேல்பையில இருக்கறத எடு."

"இனாயத், நான் ஒன் சித்தப்பா மகன்."

"சித்தப்பாவே வந்தாலும் எடுக்கணும்."

ஒவ்வொருவனாக மாத்திரை அட்டையை எடுத்துப் பையில் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்து உள்ளே போனான். ஒருவன் தன்னிடம் எதுவும் இல்லை என்றான். அவள் தொப்பியைக் கழற்றச் சொன்னாள். இருந்தது. என்னுடையதையும் வாங்கிக்கொண்டாள். ஒரு மருந்துக்கடையை மாதக்கணக்கில் நடத்தலாம் போல அந்தப் பை கனத்தது.

கடைசியில் வந்தார் ஹாஜி ஷர்பினி, மெத்வல்லியின் அண்ணன். ஜித்தாவில் வெகுகாலம் வேலை பார்த்தவர். அங்கிருந்து கொண்டுவந்த, மணிக்கட்டில் கட்டுகிற பிரஷர் கருவியை ஊரில் கைக்கடிகாரம் போல எப்போதும் அணிந்திருப்பார். நேரம் கேட்டால்கூட அதைத்தான் பார்ப்பார்.

"என்னையுமா சோதிக்கிறே?" என்றார்.

"ஒங்களத்தான் ஹாஜி முக்கியமா."

அட்டையைக் கொடுத்துவிட்டார். கருவியைக் கேட்க இனாயத்துக்குத் தோன்றவில்லை. அதில் விழுங்க ஒன்றும் இல்லையே.

ஹாஜி தம்பியின் நெற்றியில் முத்தமிட்டார். இடது மணிக்கட்டில் கருவியைக் கட்டினார். அது முனகி, உப்பி, அடங்கியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் செய்கிறவர்போல வார்டு முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"இருநூத்தி எட்டு."

சுற்றி நின்றவர்கள் இறைவன் பெயரைச் சொன்னார்கள். யாரோ ஒருவன் மேல்பையைத் தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையைப் பார்த்தான். மெத்வல்லி அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருநூத்தி எட்டுல நிக்கிறான், ஒரு மாத்திரை இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் ஹாஜி. "டாக்டர் எங்க? தூங்குறாங்களா?"

"டாக்டர்தான் எறக்க வேணாம்னாங்க ஹாஜி. சத்தம் போடாதீங்க."

"எறக்க வேணாமா? எங்கப்பன் எதுல செத்தான்? பிரஷர்ல. என் மடியில செத்தான். மூக்குலயும் ரத்தம், காதுலயும் ரத்தம். அன்னிக்கு எண்ணு இருநூத்தி பத்து. இவனுக்கு இன்னும் ரெண்டுதான் பாக்கி. எனக்கு நீ பாடம் எடுக்காதே இனாயத்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தச் சாவை ஊரே பார்த்தது. மெத்வல்லிக்கு அப்போது மீசை அரும்பவில்லை.

இனாயத் அவர் சட்டைக் கையைப் பிடித்து வெளி வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தம்பி மனைவி மூத்தவரை இழுத்துப் போவது எங்கள் ஊரில் யாரும் காணாத காட்சி. ஆகவே எல்லோரும் பின்னால் போனோம். டாக்டரும் வந்துசேர்ந்தார்.

"வாங்கம்மா. ஒங்களத்தான் தேடறேன். என் தம்பியக் கொல்றதுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"இப்ப எறக்கினா மூளைக்கு ரத்தம் பத்தாமப் போயிடும் ஹாஜி."

"ரத்தம் பத்தாதா? இருநூத்தி எட்டு இருக்கே, அது என்ன தக்காளிச் சாறா?"

டாக்டர் மோட்டார் கதையை மறுபடி சொன்னார். ஹாஜி ஷர்பினியின் வீடு தரைத்தளம். அவர் வாழ்க்கையில் மோட்டார் போட்டதே இல்லை.

"நாலாம் மாடியக் கட்டினவன் தப்பு அது," என்றார்.

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. ஹாஜி கத்தினார், இனாயத் கத்தினாள். பக்கத்து வார்டிலிருந்தும் ஆட்கள் வந்து கட்சி பிரிந்து நின்றார்கள். ஒருவழியாக ஹாஜி அடங்கி, "நாளைக்கு எறக்குவீங்களா?" என்று கேட்டார். "நாளைக்கப்புறம் மெல்ல ஆரம்பிப்போம்," என்றார் டாக்டர். "மெல்லன்னா?" "மெல்லன்னா மெல்ல." சரி என்று தலையாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். இனாயத் ஜெயித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

உள்ளே வந்தோம். மெத்வல்லி அமைதியாகக் கிடந்தான். கண்கள் செருகியிருந்தன. உதட்டில் ஒரு மாதிரி சிரிப்பு.

ஹாஜி முகம் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி கருவியைக் கட்டினார். படித்தார். நம்பாமல் மறுபடி கட்டினார்.

"நூத்தி முப்பது."

வார்டு ஒரு பெருமூச்சு விட்டது. ஆட்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அந்த எண்ணைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. ஒருவன் ஆரஞ்சு உரித்துப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்தான்.

"பாத்தியா?" என்றார் ஹாஜி. "அண்ணன் வந்தான், தானா எறங்கிடுச்சு. பாசந்தான் மருந்து."

கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார். நூற்றுப் பத்து. ஹாஜி கண்கலங்கினார். "எங்கப்பனுக்கு இது கெடைச்சிருந்தா," என்றார்.

இனாயத் மட்டும் எண்ணைப் பார்க்கவில்லை. கணவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு என்று நாங்கள் நினைத்தது சிரிப்பில்லை. வலது பாதி முழுக்கக் கழன்று தொங்கிவிட்டதால் இடது பாதி அப்படித் தெரிந்தது.

"என் பேரச் சொல்லுங்க," என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"இனாயத்துன்னு சொல்லுங்க. ஒரு தடவ."

வாய் அசைந்தது. பசையில் சிக்கிய காலை எடுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. மறுபடி அதே சத்தம். அவன் முகத்தில் முதலில் ஆச்சரியம்தான் இருந்தது. அடுத்தவன் யாரோ தன் வாயால் பேசுகிறானோ என்பதுபோல. பயம் அப்புறம்தான் வந்தது.

அவள் அவனுடைய இடது கையைப் பிரித்தாள். உள்ளே அட்டை. இரண்டு குமிழ் காலி. வந்தவன் போனவன் தொப்பியையெல்லாம் சோதித்தவளுக்கு, படுத்திருந்தவனின் கலாபியா அங்கியிலும் மேல்பை இருப்பது நினைவில் வரவில்லை. அவனும் நபரோஹ்காரன்தானே. வீட்டிலிருந்து தூக்கி வந்தபோது அதுவும் கூடவே வந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் அவன் உயிருக்காக வராந்தாவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, தகப்பனின் காதில் வழிந்த ரத்தத்தை நினைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் பிதுக்கி, நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

டாக்டர் ஓடி வந்தார். தலையணையை உருவினார்கள், கட்டிலைத் தாழ்த்திக் காலைத் தூக்கினார்கள், உப்புநீர் ஏற்றினார்கள். எண் மெல்ல மேலே ஏறியது. பேச்சு ஏறவில்லை.

மறுநாள் வேறொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "மாத்திரையாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ரத்தக் கட்டி தானாவும் வளந்திருக்கலாம். சில பேருக்கு அப்படி ஆகும். மத்தவங்க பேசறது அவருக்குப் புரியும். சொல்றதுக்குத்தான் வராது. பயிற்சி குடுப்போம், கொஞ்சம் வரலாம்."

"கொஞ்சம்னா?"

டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார்.

ஹாஜி ஷர்பினி வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். "நான் குடுக்கல இனாயத்," என்றார். "குர்ஆன் மேல சத்தியமா நான் குடுக்கல."

"நீங்க குடுக்கல ஹாஜி," என்றாள் அவள். "சத்தமாப் படிச்சீங்க."

அவர் பிறகு அந்தக் கருவியை அணிந்து நான் பார்க்கவில்லை.

திருநாள் கழிந்து சில நாளில் மெத்வல்லியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாலு மாடியும் நாற்காலியில் வைத்துத் தூக்கினோம். டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். பெயர் வேறு. ஆனால் அதே வெள்ளை, அதே வட்டம்.

"அன்னிக்கு எறக்கக் கூடாதுன்னீங்க," என்று இனாயத் கேட்டாளாம்.

"அன்னிக்கு எறக்கக் கூடாது. இனிமே ஏற விடக் கூடாது. ஏறினா ரெண்டாவது தடவ வரும். அதுல மூச்சு நிக்கும்."

அவள் அதைக் கணவனிடம் அப்படியே சொன்னாள். அவனுக்குப் புரிந்தது. புரிந்துகொண்டு பல்லைக் கடித்துக்கொண்டான். மாத்திரையைப் பார்த்ததும் தாடை பூட்டிக்கொள்ளும், திறக்க ஸ்பானர் வேண்டும். அவித்த மொச்சையில் மசித்துக் கொடுத்தாள், துப்பினான். தயிரில் கரைத்தாள், கிண்ணத்தைத் தட்டிவிட்டான். ஒரு சொல்லைக்கூடத் தூக்க முடியாத நாக்கு, ஒரு கிண்ணம் மொச்சைக்குள் மாத்திரைத் துணுக்கைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். நான் போய்ச் சொன்னேன். பள்ளிவாசல் இமாம் வந்து சொன்னார். ஹாஜி வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டுப் படி இறங்குவார்.

ஒருநாள் காலை, இனாயத் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவன் கண் கொட்டாமல் பார்த்தான். அப்புறம் இடது கையை நீட்டி, மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே விரலால் அவள் வாயைத் திறந்தான். நாக்கைத் தூக்கி அடியில் பார்த்தான். ஒதுக்கி வைத்திருக்கவில்லை, விழுங்கியிருந்தாள். வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவன் தன் வாயைத் திறந்தான்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அவள் விழுங்காவிட்டால் அவன் விழுங்குவதில்லை. அதேபோல இருக்கிற சத்து மாத்திரை ஒன்றை வாங்கி வந்து ஏமாற்றப் பார்த்தாள். அவன் அட்டையைச் சுட்டிக் காட்டினான். அதிலிருந்தே எடுக்க வேண்டும், அவன் கண் முன்னால்.

இப்போது கடையை அவள்தான் நடத்துகிறாள். அவன்போல் பேசி விற்கத் தெரியாதவள். வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். காலையில் படி இறங்கும்போது என் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். சில நாள் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். முகம் சுண்ணாம்புபோல் இருக்கும். நேற்றும் அப்படித்தான். நான் நாற்காலி கொண்டுவந்து போட்டேன்.

"டாக்டர்கிட்ட சொல்லு இனாயத்," என்றேன். "ஒனக்கு இல்லாத நோய்க்கு மருந்து திங்கறே."

"சொன்னா, திங்காதேம்பாங்க."

"சரிதானே."

"நான் திங்கலன்னா அவர் வாயத் தொறக்க மாட்டார், மாமா."

"என்னிக்காவது இந்தப் படியில உருண்டு விழப்போறே."

அவள் நாற்காலிக்கு மாறாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். மேலேயிருந்து சத்தம் வந்தது. அதே ஒற்றைச் சத்தம். தண்ணீர் கேட்டாலும், கோபப்பட்டாலும், அவளைக் கூப்பிட்டாலும் அந்த ஒன்றுதான். அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். தண்ணீருக்கு இல்லை போலிருக்கிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து, கீழே போகாமல் மேலே ஏறினாள்.